திரையே மடிந்தால்?

மடிக்கணினியின் விசைப்பலகை இருக்கும் பாதியும் திரையாகிவிட்டால்? 2022-இல் ஆசுஸ் நிறுவனம் ‘ஸென்புக் 17 ஃபோல்டு’ என்று அப்படியொரு கணினியைக் கொண்டுவந்தது. விரித்தால் 17.3 அங்குலத் தொடுதிரை. பாதியாக மடித்தால் 12.5 அங்குலம், கைப்பைக்குள் அடங்கிவிடும். வளையக்கூடிய ஓஎல்இடி திரை என்பதால்தான் இது சாத்தியம். சாய்வாக வெளிச்சம் பட்டால் நடுவில் மடிப்புக் கோடு லேசாகத் தெரியும்.

படம் பார்க்க அருமை. ஆனால் திரையில் தட்டச்சு செய்யும்போது விசை அமுங்குவதை விரல் உணராது. அதனாலேயே தனி ப்ளூடூத் விசைப்பலகை ஒன்றையும் கூடவே தருகிறார்கள். சுமப்பது இரண்டு பொருளாகிவிடுகிறது! நாள் முழுக்கத் தட்டச்சு செய்பவர்களுக்குப் பழைய மடிக்கணினிதான் இன்னமும் வசதி. விலையும் எட்டாத உயரம்: 2023-இல் எச்பி வெளியிட்ட மடிதிரைக் கணினிக்கு அமெரிக்காவில் அறிமுக விலை 4,999 டாலராக இருந்தது.