இல்லத்தில் ஒரு வலையமைப்பு ஆய்வுகூடம்

இலண்டன் பல்கலைக்கழகம் 1858ஆம் ஆண்டு முதலாகத் தன் கல்லூரிகளிற் பயிலாதார்க்கும் தன் பரீட்சைகளைத் திறந்துவிட்டது. 1921இல் கொழும்பில் நிறுவப்பெற்ற பல்கலைக்கழகக் கல்லூரியும், 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றும்வரை, தன் மாணாக்கரை அந்த இலண்டன் பரீட்சைகளுக்கே ஆயத்தஞ் செய்துவந்தது. கல்லூரியின் வாயிலைக் காணாமலே, பகலில் தொழிலும் இரவில் நூலுமாகக் காலங்கழித்து, வெளிவாரியாகப் பட்டம் பெற்றோரும் இந்நாட்டிற் பலராவர். அவர்க்கு வேண்டியவை சில நூல்களும் ஒரு விளக்கும் ஒழிந்த நேரமுமே. கலைப் பாடங்களுக்கு இவை போதுமாயிருந்தன. பௌதிகமோ இரசாயனமோ கற்க விழைந்தவர்க்கு இவை போதாவாயின. ஆய்வுகூடமின்றி அக்கல்வி நிரம்புவதன்று.

கணினி வலையமைப்புக் கல்வி இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது. கொழும்புப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டில் தகவல் தொழினுட்பத்தில் வெளிவாரிப் பட்டமொன்றைத் தொடங்கியது. அதனைப் பயில்வோரும், சிஸ்கோ நிறுவனம் நடத்தும் சி.சி.என்.ஏ. முதலான தராதரப் பரீட்சைகளுக்குத் தோற்றுவோரும், வெள்ளவத்தையின் தொடர்மாடிகளிலும் கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய வீடுகளிலும் இரவில் விழித்திருந்து படிக்கின்றனர். சி.சி.என்.ஏ. பரீட்சைக்கு வழங்கப்படும் நேரம் 120 நிமிடம். வினாக்களையும் விடைகளையும் மனனஞ் செய்து அதனைக் கடந்துவிடலாம் எனக் கருதுவோர் உளர். அதற்கென விடைத்திரட்டுக்களும் விற்பனையாகின்றன. பரீட்சை நடத்துவோர் இதனைத் தடைசெய்துள்ளனர் என்பது ஒருபுறமிருக்க, அவ்வாறு தேறியவர் தொழிலில் அமர்ந்த முதல் வாரத்திலேயே, திரட்டில் இல்லாத பழுதொன்று அவர்முன் வந்து நிற்கும் என்பதே கருதத்தக்கது. தகுதியில்லாதவர் என்று அவரை விலக்குவது அப்பொழுது எளிதாகிவிடும். குடும்பமே கடன்பட்டுக் கட்டிய பரீட்சைக் கட்டணமும் வீணாகும்.

அந்நிறுவனமும் இதனை அறியாததன்று. 1993இல் அது தொடங்கிய சி.சி.ஐ.ஈ. என்னும் உயர்தரப் பரீட்சை, கருவிகளின்முன் இருந்து செய்து காட்டும் செய்முறைப் பரீட்சையாகவே அமைந்தது. இன்று அது 8 மணித்தியாலம் நடைபெறுகின்றது. தேறியவர்க்கு வரிசையெண் வழங்கும் வழக்கத்தில் 1024 என்னும் முதலெண் எம்மனிதர்க்கும் அளிக்கப்படாமல் அப்பரீட்சை நடந்த ஆய்வுகூடத்துக்கே அளிக்கப்பட்டது. வேடிக்கையாகத் தோன்றினும் பொருத்தமான செயலே.

இனி, இல்லத்தில் ஆய்வுகூடம் அமைக்குமாறு யாதெனின்: ரவுட்டர் மூன்று, சுவிட்ச் இரண்டு, பழைய கணினி இரண்டு, இவற்றை இணைக்கும் கேபிள்கள் ஆகியன தொடக்கத்துக்குப் போதும். அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய கருவிகளே சாலும். முகவரியும் வழியும் பற்றிய அடிப்படைகள் கருவி பழையதாவதால் மாறிவிடா. எனினும் அவற்றின் விசிறிகள் எழுப்பும் இரைச்சல், ஒரே அறையிற் பலர் உறங்கும் வீட்டிற்குப் பொருந்துவதன்று. கருவி வாங்க இயலாதவர்க்குப் பக்கெற் ட்ரேசர் என்னும் பாவனைச் செயலி இலவசமாகக் கிடைக்கின்றது. திரையில் வரைந்த ரவுட்டர்கள் மெய்யானவற்றைப் போலவே கட்டளைகளுக்கு விடையிறுக்கும். கேபிளின் முனை தளர்ந்திருத்தல் போன்ற குறைகளை மட்டும் அது தானாகக் காட்டுவதில்லை.

ஆய்வுகூடம் கற்பிப்பதை நூல் ஏன் கற்பிக்க இயலாதென்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். கடிதத்தின் மேல் 'கொழும்பு 13' என்றிருப்பின், தரம்பிரிப்பவர் தெருவையும் வீட்டிலக்கத்தையும் நோக்குவதில்லை. கொட்டாஞ்சேனைப் பையில் இடுவதே அவர் பணி. வீட்டைத் தேடுதல் அங்குள்ள தபாற்காரர் கடன். வலையமைப்பு முகவரியும் இவ்வாறே இரு கூறுடையது. 192.168 எனத் தொடங்கும் முகவரிகள் தனியார் பாவனைக்கென ஒதுக்கப்பட்டவையாதலால், எவருடைய அனுமதியுமின்றி மாணாக்கர் அவற்றைக் கையாளலாம். 192.168.13.20 என்பதில், 24 இருமக் கூறுகளைக் குறிக்கும் முதல் மூன்று எண்களும் வலையமைப்பைச் சுட்டுவதாகக் கொண்டால், இறுதி எண்ணாகிய 20 அங்குள்ள ஒரு கணினியைச் சுட்டும்.

மூன்று ரவுட்டர்களுக்கும் வெள்ளவத்தை, கோட்டை, கொட்டாஞ்சேனை எனப் பெயரிட்டு அவ்வரிசையில் இணைத்துக்கொள்க. வெள்ளவத்தைக் கணினிகளுக்கு 192.168.6 என்றும், கொட்டாஞ்சேனைக் கணினிகளுக்கு 192.168.13 என்றும் முகவரி தொடங்கட்டும். 13க்குச் செல்வன கோட்டை வழியாகச் செல்லுக என வெள்ளவத்தைக்கும், 13 இப்பக்கம், 6 அப்பக்கம் எனக் கோட்டைக்கும் கட்டளையிட்டாயிற்று. வெள்ளவத்தைக் கணினியிலிருந்து 'பிங்' என்னும் சோதனைச் செய்தியை அனுப்பினால் மறுமொழி வாராது. மாணாக்கர் தாம் எழுதிய கட்டளைகளை மீண்டும் மீண்டும் நோக்குவார், பிழை காணார். ஒவ்வொரு படியாக வழியைக் காட்டும் கட்டளையை இயக்கினால் வெள்ளவத்தை தோன்றும், கோட்டை தோன்றும், அப்பால் உடுக்குறிகளே தோன்றும். ஆகவே கோட்டைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இடையிலுள்ள கேபிளே பழுதென்று துணிவார். அதனைக் கழற்றி வேறொன்று மாட்டியும் பயனில்லை.

செய்தி உண்மையிற் கொட்டாஞ்சேனைக் கணினியை அடைந்தேவிட்டது. அதுவும் மறுமொழி விடுத்தது. 6க்கு வழி எதுவென்று கொட்டாஞ்சேனை ரவுட்டருக்கு எவரும் சொல்லாமையால், அம்மறுமொழி அங்கேயே கைவிடப்பட்டது. வழி காட்டும் கட்டளைக்கு அந்த ரவுட்டர் விடுத்த விடையும் அவ்வாறே அழிந்தது. போகும் வழியும் மீளும் வழியும் வெவ்வேறாக அமைக்கப்பட வேண்டியவை என்பது நூலில் ஒரு வரியே. பிழையில்லாத கேபிளை இரண்டு மணித்தியாலம் ஐயுற்றவர்க்கு அவ்வரியின் பொருள் வேறு. கொட்டாஞ்சேனைக் கணினியின் முன் சென்றமர்ந்து, வரும் செய்திகளைக் காட்டும் செயலியொன்றைத் திறந்து பார்த்திருப்பின் சில நொடிகளில் உண்மை புலப்பட்டிருக்கும். பழுதின் அறிகுறி தோன்றும் இடமும் பழுதுள்ள இடமும் ஒன்றல்லவென்று அறிபவர் இவ்வாறே அறிகின்றனர்.

தமிழ்மொழி மூலம் கற்றவர்க்கு இப்பயிற்சியினால் வேறொரு நன்மையுமுண்டு. பரீட்சை ஆங்கிலத்தில் நடைபெறுகின்றது. பாடநூலில் 'ஆளி' என்று படித்ததைச் 'சுவிட்ச்' என்று கையாள வேண்டியவர், சொல்லைப் பொருளோடு சேர்த்துப் பழகினால் வினாவின் நடை கடினமாயிருப்பினும் கலங்குவதில்லை; திரையில் தாம் பலமுறை கண்டதையே வினாத்தாளிலும் காண்கின்றார்.

ரவுட்டரில் இடும் கட்டளைகள் முதலில் மின்னோட்டம் உள்ளவரையே நிற்கும் நினைவகத்தில் தங்குகின்றன. அவற்றை நிலையான நினைவகத்திற் படியெடுத்தற்குத் தனிக் கட்டளை உண்டு. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் இந்நாட்டில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. அந்நாட்களில் அக்கட்டளையை இடாது எழுந்து சென்ற எவரும், மின்சாரம் மீண்டபொழுது பெயர்கூட இல்லாத மூன்று ரவுட்டர்களையே கண்டிருப்பர்.