பணக்கார ஜப்பானுக்கு ஏன் இவ்வளவு கடன்?



போன வாரம் பொருளியல் வகுப்பில் சார் ஒரு கேள்வி கேட்டார். "பணக்கார நாட்டு அரசாங்கத்துக்குக் கடன் இருக்குமா?" நான் டக்குன்னு எழுந்து, "இருக்காது சார்"ன்னு சொல்லிட்டேன். வகுப்பே சிரித்தது. "ஜப்பானைப் பத்திப் படிச்சிட்டு வந்து சுவர் இதழ்ல எழுது" என்றார் சார். அதனால்தான் இந்தக் கட்டுரை!

ஜப்பான் மக்கள் ஒரு வருடம் முழுக்க உழைத்து உண்டாக்கும் மொத்த உற்பத்தி மதிப்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் அந்த அரசாங்கத்துக்குக் கடன் இருக்கிறது. எப்படி வந்தது?

முதல் காரணம், மக்கள்தொகை. 1949-இல் அங்கே சுமார் 27 லட்சம் குழந்தைகள் பிறந்தன. 2024-இல் 7 லட்சம்கூட இல்லை. 1949-இல் பிறந்தவர்களுக்கு 2024-இல் வயது 75! இனி இந்தக் கணக்கைப் பாருங்கள். 65 வயதைத் தாண்டிய ஒருவருக்கு, 15 முதல் 64 வயது வரை உள்ளவர்கள் எத்தனை பேர்?

1950 – 12 பேர்
1990 – சுமார் 6 பேர்
2023 – 2 பேர்

வரி கட்டுகிறவர்கள் குறைய, ஓய்வூதியமும் மருத்துவச் செலவும் கூடிக்கொண்டே போகிறது.

இரண்டாவது காரணம், பொருளாதாரம். 1980-களின் கடைசியில் பங்கு விலையும் நில விலையும் பலூன் மாதிரி ஊதின. 1990-களின் தொடக்கத்தில் பலூன் வெடித்தது. அதன்பிறகு பல வருடம் சம்பளம் ஏறவே இல்லை. சம்பளம் ஏறாவிட்டால் வரி எப்படி ஏறும்? துண்டு விழுந்த பணத்துக்கு அரசாங்கம் கடன் பத்திரம் விற்றது.

2024 பட்ஜெட்டில் 100 யென் செலவு என்றால், ஏறக்குறைய 33 யென் சமூகப் பாதுகாப்புக்கு, 24 யென் பழைய கடனுக்கு. அந்த 100 யென்னில் சுமார் 31 யென் புதுக் கடன்!

வரியைக் கூட்ட வேண்டியதுதானே என்று நானும் நினைத்தேன். கூட்டினார்கள். நுகர்வு வரி 1989-இல் 3%, 1997-இல் 5%, 2014-இல் 8%, 2019-இல் 10%. ஆனால் வரி ஏறினால் மக்கள் வாங்குவதைக் குறைக்கிறார்கள், வியாபாரம் படுக்கிறது. அதனால் 10% ஆக 30 வருடம் ஆனது.

இத்தனை கடன் இருந்தும் ஜப்பான் ஏன் மூழ்கவில்லை? பெரும்பகுதி சொந்த நாட்டிலேயே, சொந்த நாணயத்தில் வாங்கிய கடன். வட்டியும் ரொம்ப காலம் பூஜ்யத்தை ஒட்டியே இருந்தது. 2024 மார்ச்சிலிருந்து மத்திய வங்கி வட்டியை உயர்த்தத் தொடங்கிவிட்டது. இனி வட்டிச் சுமையும் ஏறும்.

கடன் வாங்கியது பெரியவர்கள், கட்டப்போவது நம்ம வயசுப் பசங்க. இது நியாயமா? ஆனால் போரில் அழிந்த நாட்டைத் தூக்கி நிறுத்தினவங்களும் அந்தத் தாத்தா பாட்டிகள்தானே! அவர்களைக் கைவிட முடியுமா? எனக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.

நம் தமிழ்நாட்டிலும் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2 குழந்தைகளுக்கும் குறைவுதான். நமக்கும் நேரம் இருக்கும்போதே யோசிப்போம், நண்பர்களே!

– பிளஸ் ஒன், வணிகவியல் பிரிவு