பருவ வயதும் பண்டை மருத்துவமும்



குழந்தைப் பருவம் கழிந்து இளமை தோன்றும் காலம், உடலுக்குப் பெருஞ்செலவுக் காலமாகும். எலும்பு நீள்கிறது, தசை பெருகுகிறது, அவற்றிற்கேற்ப இரத்தமும் பெருகவேண்டும். இரத்தத்தின் செந்நிறப் பொருளாகிய ஈமோகுளோபினே உயிர்க்காற்றை உடலெங்கும் சுமந்து செல்வது. அதனை ஆக்க இரும்புச்சத்து இன்றியமையாதது. பெண்களுக்கு மாதந்தோறும் இரத்தம் கழிவதால் இத்தேவை மேலும் மிகுகின்றது. வரவு குறைந்து செலவு மிகுந்தால் வருவது சோகை. சித்த மருத்துவர் இதனைப் பாண்டு என்பர்.

இப்பருவத்தின் அருமையைப் பழையோர் உணர்ந்திருந்தனர். சீனரின் தொன்மையான மருத்துவ நூல், பெண்ணுக்கு ஏழேழு ஆண்டுகளாகவும் ஆணுக்கு எட்டெட்டு ஆண்டுகளாகவும் வாழ்நாளைப் பகுத்து, 14, 16 என்னும் ஆண்டுகளை முதிர்ச்சிக்கு உரியனவாகக் கூறுகிறது. நம் நாட்டில் பூப்பெய்திய பெண்ணுக்கு உளுந்தங்களி, நல்லெண்ணெய், கருப்பட்டி முதலியவற்றை ஊட்டுதல் வழக்கம். நோக்கம் நன்றே. ஆனால் ஊட்டம் சில நாட்களில் நின்றுவிடுகிறது. தேவையோ பல ஆண்டுகள் நீடிக்கிறது. ஆண்பிள்ளைக்கு அச்சில நாட்களும் இல்லை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 19 வயதுவரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேரும், ஆண்களில் 31 பேரும் சோகையுற்றிருந்தனர்.

மரக்காணத்து உப்பளக் கரையில் நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், பெற்றோர் விடியுமுன் உப்பு வாரப் போய்விட, வெறுந்தேநீர் பருகிப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் பலரைக் கண்டதுண்டு. காலை வணக்கத்தில் மயக்கம், வகுப்பில் உறக்கம், படியேறினால் மூச்சிரைப்பு. இவற்றைச் சோம்பல் என்று வீட்டார் ஏசுவர். பின்னர், “படிப்பு ஏறவில்லை” என்று பள்ளியைவிட்டு நிறுத்துவர். குறை இருந்தது அறிவிலன்று, இரத்தத்தில்!

இதற்குச் சித்த மருத்துவத்தில் வழி உண்டா? தாம்பரத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தார் உள்ளிட்டோர் தமிழகத்தில் நடத்திய ஓர் ஆய்வின் முடிவு 2024இல் வெளியாயிற்று. வளரிளம் பெண்களுக்கு முதலில் கடுக்காய்ச் சூரணம் அளித்தனர். பின்னர் அன்னபேதிச் செந்தூரம், பாவனக் கடுக்காய், மாதுளை மணப்பாகு, நெல்லிக்காய் இலேகியம் ஆகிய நான்கையும் 45 நாட்கள் கொடுத்தனர். முறையாக உட்கொண்டு முடித்தோர் 2,300 பேர். களைப்பும் தலைவலியும் குறைந்தன, ஈமோகுளோபின் உயர்ந்தது.

இதில் புதிர் ஏதுமில்லை. அன்னபேதி என்பது நீங்கள் வேதியியல் கூடத்தில் காணும் இரும்பு சல்பேட்டே. அதனைப் புடமிட்டுச் செந்தூரமாக்குவர். நெல்லிக்கனியிலுள்ள வைட்டமின் ‘சி’, உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்கத் துணைபுரிவது. எனினும், இரும்பு மாத்திரையினும் இது மேலானது என்று இவ்வாய்வைக்கொண்டு முடிவு கட்டுதல் ஆகாது. செந்தூரத்தைக் கடையில் வாங்கித் தாமே உண்பதும் தகாது. அளவு மிஞ்சிய இரும்பு நஞ்சாகும். தகுதிபெற்ற மருத்துவர் கையால் பெறுவதே முறை.

அப்படியாயின் நீங்கள் செய்யத்தக்கது யாது? முதலில் அரசு மருத்துவமனையில் இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். 12 முதல் 14 வயதினர்க்கும், அதற்கு மேற்பட்ட பெண்களுக்கும், ஈமோகுளோபின் 12 கிராமுக்குக் குறையின் அது சோகை. பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்பு மாத்திரையையும், ஆண்டில் இருமுறை தரும் குடற்புழு மாத்திரையையும் தவறாது உட்கொள்ளுங்கள். முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு, மீன் ஆகியவற்றை உணவிற் சேர்த்து, நெல்லியையோ எலுமிச்சையையோ உடன் கொள்ளுங்கள். உணவோடு தேநீர் வேண்டா. அது இரும்பைத் தடுக்கும்.

முன்னோர் வகுத்த ஊட்டத்தைச் சில நாள் சடங்காக நிறுத்தாமல், மகளுக்கும் மகனுக்கும் நாள்தோறும் உரியதாக்குவோம். அளந்து பார்த்து உண்மை காணும் இன்றைய அறிவியல் அதற்குத் துணை நிற்கட்டும்.