பழைய நாய் இருக்கும் வீட்டுக்குத் தெருக்குட்டி வந்தால்

கார்த்திகை, மார்கழி வந்துவிட்டால் கொல்கத்தாவில் சந்துக்குச் சந்து நாய்க்குட்டிகளைப் பார்க்கலாம். வங்கத்துத் தெருநாய்கள் பெரும்பாலும் மழைக்காலத்தின் கடைசியில் இணைசேரும். குளிர் தொடங்கும்போது குட்டி போடும். மாடிப்படிக்கு அடியில், பூட்டிய கடையின் பலகைக்குக் கீழே, ஓரமாக நிறுத்திய டாக்சியின் சக்கரத்தை ஒட்டி, நான்கைந்து குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு கிடக்கும்.

இவற்றில் எத்தனை பிழைக்கும் என்று எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். நகரத்திலிருந்து சற்றுத் தள்ளி, நதியா மாவட்டத்து மோகன்பூரில் இருக்கும் ஐசர் கொல்கத்தா என்னும் மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி நிறுவனத்தில், பேராசிரியர் அனிந்திதா பத்ராவின் குழு தெருநாய்களை ஆராய்கிறது. ஆய்வுக்கூடத்துக்குள் அடைத்து வைத்து அல்ல. தெருவிலேயே, அவை வாழும் இடத்திலேயே. 95 ஈற்றுகளில் பிறந்த 364 குட்டிகளை இந்தக் குழு தொடர்ந்து கவனித்தது. 2016இல் வெளியான முடிவு நெஞ்சைப் பிசைகிறது. வளர்ந்து குட்டி போடும் வயதை எட்டியவை 19 விழுக்காடுதான். இறந்தவற்றில் 63 விழுக்காட்டுச் சாவுகளில் ஏதோ ஒரு வகையில் மனிதர்களுக்குப் பங்கு இருந்தது. 2019 ஜனவரியில் கொல்கத்தாவின் என்.ஆர்.எஸ். மருத்துவமனை வளாகத்தில் 16 குட்டிகள் அடித்துக் கொல்லப்பட்டுக் கிடந்ததை அந்த நகரம் இன்னும் மறக்கவில்லை.

ஆகவே ஒருவர் குனிந்து ஒரு குட்டியைத் தூக்கி வீட்டுக்குக் கொண்டுவருகிறார் என்றால், அதன் உயிர் நிலைக்கும் வாய்ப்பைப் பல மடங்கு கூட்டுகிறார். அதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் இப்படித் தூக்கி வருபவர்கள் பலர் ஏற்கெனவே நாய் வளர்ப்பவர்கள். வீட்டில் எட்டு வயது லாப்ரடார் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு இந்த வீடு முழுவதும் தன் மோப்பம். சோபாவின் மூலை, பால்கனிக் கம்பி, எஜமானியின் செருப்பு எல்லாம் அதன் உலகம். கதவைத் திறந்து, புதுக் குட்டியை அதன் மூக்குக்கு நேரே இறக்கிவிட்டு, "பாரு, தம்பி வந்திருக்கான்" என்று சொன்னால் அது என்ன செய்யும்? பெரும்பாலும் உறுமும். சில வீடுகளில் கடித்தும் விடும். ஒரு வாரத்தில் குட்டி மறுபடி தெருவுக்கே போய்விடும். இந்தத் தோல்விகளில் பெரும்பங்கு தவிர்க்கக்கூடியது என்பதுதான் நாய்களைப் பற்றிய அறிவியல் நமக்குச் சொல்லும் நல்ல செய்தி.

முதலில், நாய்கள் தாமாகச் சந்திக்கும்போது எப்படிச் சந்திக்கின்றன என்று பார்க்கவேண்டும். கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பூக்கடைகளின் பின்புறம், தமிழர்கள் வாழையிலையும் கறிவேப்பிலையும் வாங்கும் அந்தச் சந்துகளில், காலையில் கொஞ்ச நேரம் நின்றால் தெரியும். அறிமுகமில்லாத இரண்டு நாய்கள் பகையில்லாமல் நெருங்கும்போது நேர்கோட்டில் வருவதில்லை. வளைந்து, பக்கவாட்டாக வரும். கண்ணோடு கண் பார்க்காது. ஒன்று நின்று தரையை முகர்வதுபோல் பாவனை செய்யும். மற்றது தலையைத் திருப்பிக்கொள்ளும். பிறகு வால்பக்கம் போய் இரண்டு மூன்று விநாடி மோப்பம். உடனே விலகல். மறுபடி ஒரு மோப்பம். இவ்வளவுதான் அறிமுகம். நாம் வீட்டில் செய்வது இதற்கு நேர் எதிர்: முகத்துக்கு முகம், குறுகலான நடைவழியில், கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. விலகிப்போக வழியில்லாத நாய்க்கு மிச்சமிருப்பது பல் மட்டும்.

நாய்க்கு மூக்குதான் முதல் அறிவு. நம் மூக்கில் மோப்பம் அறியும் செல்கள் சுமார் 50 லட்சம் என்றால், நாயின் மூக்கில் 20 கோடிக்கும் மேல். இதுபோக, மேலண்ணத்துக்கு மேலே ஜேக்கப்சன் உறுப்பு என்று தனியாக ஒன்று உண்டு. பிற நாய்கள் விடும் வேதிச் செய்திகளைப் படிப்பதற்கென்றே அமைந்தது. சிறுநீரிலும் வால்பக்கச் சுரப்பிகளிலும் ஆணா பெண்ணா, பருவத்தில் இருக்கிறதா, முன்பே தெரிந்த ஆளா என்ற விவரமெல்லாம் இருக்கிறது. எனவே முகம் பார்ப்பதற்கு முன்பே மோப்ப அறிமுகத்தை முடித்துவிடலாம். புதுக் குட்டியைத் தனி அறையில் வைத்து, அது படுத்த துணியைப் பழைய நாயின் பக்கத்தில் போடுங்கள். பழைய நாயின் துணியைக் குட்டியின் அறையில் போடுங்கள். துணியை முகர்ந்துவிட்டு அலட்சியமாகப் போய்ப் படுத்துக்கொண்டால் நல்ல சகுனம். உடல் விறைத்து, துணியையே வெறித்தபடி நின்றால் இன்னும் சில நாள் பொறுக்கவேண்டும்.

தனி அறை என்று சொன்னதற்கு இன்னொரு காரணம் உண்டு. பலரும் கோட்டை விடுவது இங்கேதான். தெருவிலிருந்து வரும் குட்டி பார்வோ வைரஸைச் சுமந்து வரலாம். நோய்க்குறி தெரிய இரண்டு வாரம் வரை ஆகலாம். அதற்குள் மலம் வழியாக வீடு முழுக்கப் பரவிவிடும். தரையில் அந்த வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாதாரண சோப்புக்கு அசையாது, பிளீச்சிங் கரைசலுக்குத்தான் சாகும். டிஸ்டெம்பர் என்னும் நோய் தும்மலிலேயே தொற்றும். உண்ணிக் காய்ச்சல் கொல்கத்தாவின் ஈரச் சூட்டில் ஆண்டு முழுவதும் உண்டு. குட்டியல்லாமல் வளர்ந்த தெருநாயைக் கொண்டுவந்தால் இன்னொன்றையும் பார்க்கவேண்டும்: நாய்க்கு நாய் தொற்றும் புற்றுநோய். இது வைரஸ் மூலம் வருவதில்லை. புற்றுச் செல்லே ஒரு நாயிலிருந்து மற்றொரு நாய்க்கு இடம் மாறிக் குடியேறுகிறது. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு நாயின் உடலில் தோன்றிய புற்று, அந்த நாய் செத்தும் சாகாமல் உலகம் முழுவதும் இன்றுவரை பரவிக்கொண்டிருக்கிறது. முக்கியமாக இணைசேரும்போது தொற்றும். முகர்வதாலும் நக்குவதாலும் மூக்கிலும் வாயிலும் வருவதுண்டு. வின்கிரிஸ்டின் என்னும் மருந்து ஊசியில் பெரும்பாலும் குணமாகிவிடும் என்பது ஆறுதல். எப்படியும் முதல் நாளே கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். பெல்காச்சியாவில் 1893இல் தொடங்கிய கால்நடைக் கல்லூரி இருக்கும் நகரம் இது. இரண்டு வாரத் தனிமை, குடற்புழு மருந்து, தடுப்பூசி. மேலே சொன்ன துணி மாற்றம் இவை முடிந்த பிறகுதான். பழைய நாயின் தடுப்பூசிகள் காலாவதி ஆகாமல் இருப்பதும் அதே அளவு அவசியம். இடையில் குட்டி உங்களைக் கடித்தால், பால்பல்தானே என்று விட்டுவிடாதீர்கள். சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

இந்த இரண்டு வாரம் குட்டியின் மனதுக்கும் தேவை. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் மைக்கேல் ஹென்னசியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1997இல் காப்பகத்துக்கு வந்த நாய்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். பதற்றத்தின்போது சுரக்கும் கார்டிசால் முதல் மூன்று நாட்கள் மிக உயர்ந்து இருந்தது. ஒரு வாரத்துக்கு மேல் அங்கே தங்கிய நாய்களிடம் குறைந்திருந்தது. வந்த அன்றே அறிமுகம் நடத்துவது, உடலே அலறிக்கொண்டிருக்கும் ஒரு பிராணியைப் பரீட்சைக்கு உட்கார வைப்பதாகும்.

அடுத்தது நேர்ச் சந்திப்பு. இதைப் பொது இடத்தில் வையுங்கள், இரண்டு நாய்களையும் பக்கம் பக்கமாக நடத்திச் செல்லுங்கள் என்று வெளிநாட்டு நூல்கள் எல்லாம் சொல்கின்றன. சரியான யோசனைதான். ஆனால் கொல்கத்தாவில் யாருக்கும் சொந்தமில்லாத தெரு எங்கே இருக்கிறது? ஒவ்வொரு சந்தும் ஒரு நாய்க் கூட்டத்தின் எல்லை. அந்நிய நாய் ஒன்று கயிற்றோடு நுழைந்தால் ஐந்தாறு சேர்ந்து குரைத்துச் சூழ்ந்துகொள்ளும். அந்தக் கூச்சலில் உங்கள் லாப்ரடாரும் புது நாயும் ஒன்றையொன்று பார்ப்பது பயத்தின் ஊடாகத்தான். அதனால் அடுக்குமாடியின் கீழ்த்தள வாகன நிறுத்தம், தெரிந்தவர் வீட்டு மொட்டை மாடி, பூட்டிய பள்ளி மைதானம் என்று நாய் நடமாட்டமில்லாத இடமாகப் பாருங்கள். வேறு வழியில்லை என்றால் தெருநாய்கள் தூங்கும் பிற்பகல் வேளை. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள், இடையே பத்துப் பதினைந்து அடி, ஒரே திசையில் நடை. கயிறு தளர்ந்திருக்கட்டும். இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, வளைந்து வந்து முகர விட்டு, மூன்று விநாடியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பிரித்துவிடவேண்டும்.

வால் ஆட்டினால் நட்பு என்று முடிவு கட்டவேண்டாம். இத்தாலியில் ஆய்வாளர் வல்லோர்த்திகாராவும் அவருடைய சகாக்களும் 2007இல் காட்டியது இது: எஜமானைப் பார்த்த நாயின் வால் வலப்பக்கம் அதிகம் சாய்ந்து ஆடுகிறது, மிரட்டும் அந்நிய நாயைப் பார்த்தால் இடப்பக்கம். 2013இல் அவர்களே இன்னொன்றும் கண்டார்கள். இடப்பக்கம் ஆடும் வாலைப் பார்க்கும் மற்ற நாயின் இதயத் துடிப்பு எகிறுகிறது. நம் கண்ணுக்கு இது எளிதில் பிடிபடாது. அதனால் உடல் முழுவதையும் பாருங்கள். முன்னங்கால் தாழ்த்தி, பின்பக்கம் தூக்கிக் குனிந்தால் விளையாட்டுக்கு அழைப்பு. வாய் மூடி, உடல் மரக்கட்டையாக நின்றால் ஆபத்து. உறுமினால் அடிக்காதீர்கள். உறுமல் எச்சரிக்கை, அதை அடித்து நிறுத்தினால் அடுத்த முறை எச்சரிக்கையில்லாமல் கடி விழும்.

"யார் பெரியவன் என்று அதுங்களே தீர்த்துக்கட்டும், நாம் நடுவில் போகக்கூடாது" என்று சொல்லும் பெரியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. இந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1947இல் ருடால்ஃப் ஷெங்கல், கூண்டில் அடைத்த ஓநாய்களைக் கவனித்துத் தலைமைச் சண்டை பற்றி எழுதினார். ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் அந்தக் கருத்தைத் தம் நூலில் பரப்பினார். பின்னர் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைப் பல ஆண்டு பார்த்துவிட்டு, ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தகப்பன், பிள்ளைகள் கொண்ட குடும்பம் என்று 1999இல் தாமே திருத்தி எழுதினார். கூண்டு ஓநாய்க்கு மட்டுமே பொருந்தும் ஒன்றை நம் வரவேற்பறை நாய்மீது ஏற்றுவது தவறு.

சண்டைக்கான காரணத்தைச் சோற்றுத் தட்டில் தேடினால் கிடைக்கும். ஐசர் குழு தாய் நாய்க்கும் பால்மறந்த குட்டிகளுக்கும் நடுவே உணவை வைத்துப் பார்த்தது. சாதாரண உணவு என்றால் தாய் குட்டிகளுக்கு விட்டுக்கொடுத்தது. இறைச்சி என்றால் பெற்ற குட்டியோடு மல்லுக்கு நின்றது. 2015இல் வெளியான ஆய்வு இது. பெற்ற தாயே இறைச்சிக்காக மல்லுக்கு நிற்கும் என்றால், முந்தாநாள் வந்த அந்நியக் குட்டியோடு எலும்பைப் பங்கிட்டுக்கொள்ளும்படி லாப்ரடாரிடம் எதிர்பார்ப்பது என்ன நியாயம்? சாப்பாடு தனித்தனி அறையில், கதவை மூடி. எலும்பு, மெல்லும் பொம்மை எல்லாம் முதல் சில வாரங்கள் பரண்மேல். படுக்கை இரண்டு, தண்ணீர்க் கிண்ணம் இரண்டு. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் கால்நடைப் பள்ளியில், ஒரே வீட்டில் வாழ்ந்து சண்டையிட்ட 38 நாய் ஜோடிகளை ஆராய்ந்தபோது 79 விழுக்காடு ஒரே பால் ஜோடிகள். சண்டையைக் கிளப்பிய பொதுவான காரணங்களில் உணவும், கண்டெடுத்த பொருளும், எஜமானின் கவனமும் இருந்தன. வீட்டில் பெண் நாய் இருந்தால் ஆண் குட்டியாகப் பார்ப்பதும், வயது வந்ததும் இரண்டுக்கும் கருத்தடை செய்வதும் புத்திசாலித்தனம்.

எஜமானின் கவனம் என்பதை இலேசாக எடுத்துக்கொள்ளவேண்டாம். வியன்னாவில் ஆய்வாளர் ஃப்ரீடெரிக்கே ராங்கே நடத்திய சோதனை இதை நன்றாகக் காட்டியது. இரண்டு நாய்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கை கொடுக்கவேண்டும். ஒன்றுக்குத் தின்பண்டம் கிடைத்து மற்றதற்குக் கிடைக்காவிட்டால், கிடைக்காத நாய் கொஞ்ச நேரத்தில் கை கொடுப்பதையே நிறுத்திவிட்டது. ஒன்றுக்குத் தொத்திறைச்சி, மற்றதற்கு வெறும் ரொட்டி என்றால் அதைப் பொருட்படுத்தவில்லை. ஏதாவது கிடைக்கிறதா என்பதுதான் அதற்குக் கணக்கு. மெலிந்த குட்டியின்மேல் எல்லோரும் உருகி வழியும் அந்த நாட்களில் பழைய நாய் மூலையில் படுத்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதற்கும் ஒரு பிஸ்கட், அதற்கும் ஒரு தடவல், அதன் பழைய நடை நேரம் மாறாமல். தெருக்குட்டி ஏங்குவதும் அந்தத் தடவலுக்குத்தான். தெருநாய்கள் தொடர்ந்து பழகும் அந்நியரிடம் உணவைவிடத் தடவலையே பெரிதாக எண்ணி நம்பிக்கை வைத்தன என்று ஐசர் குழு 2017இல் எழுதியது.

குட்டியை மறுபடி தெருவில் விடக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2025 ஆகஸ்ட் 22 அன்று தெருநாய்கள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு, தெருநாய்களைத் தத்தெடுக்க விரும்புவோர் விண்ணப்பிக்கலாம் என்றது. எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு என்றும் சொன்னது. நான் அதை முழுமையாக ஆதரிக்கிறேன். ஐந்து மாதம் மெத்தையில் தூங்கிவிட்டுத் தெருவில் விடப்பட்ட நாய்க்கு அங்கே கூட்டமும் இல்லை, எல்லையும் இல்லை, வண்டிக்கு ஒதுங்கவும் தெரியாது.

இந்தக் குளிர்காலத்திலும் உங்கள் படிக்கட்டுக்குக் கீழே ஓர் ஈற்றுக் குட்டிகள் கிடக்கும். தூக்குவதற்கு முன், வீட்டில் கதவு மூடும்படி ஓர் அறை இருக்கிறதா, பழைய நாயின் தடுப்பூசி அட்டை சரியாக இருக்கிறதா, நாளுக்கு இரண்டு முறை இரண்டையும் தனித்தனியாகக் கவனிக்க ஆள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் தயங்காமல் தூக்குங்கள். இல்லையென்றால், தாயிடமிருந்து பிரிக்காமல் அங்கேயே சாக்கு விரித்து, தாய்க்குச் சோறு வைத்து, குட்டிகளுக்கு உரிய வயதில் தடுப்பூசி போட ஏற்பாடு செய்யுங்கள்.