பழகிய கைப்பேசி இப்போது ஏன் சிரமமாக இருக்கிறது?

உலு யாம், பத்தாங் காலி, கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்கள் ஒரே வாழ்நாளில் பல கருவிகளைப் பார்த்துவிட்டார்கள். பல தோட்டங்களில் தொலைபேசி என்றால் ஆபீசில் இருந்த ஒன்றுதான். 1963 டிசம்பரில் நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது. பிறகு பொத்தான் கைப்பேசி வந்தது. 2020இல் மைசெஜாத்ரா வந்தபோது, தொடுதிரையைத் தொட்டே பார்க்காதவர்கள்கூட அதைப் பழகிக்கொண்டார்கள்.

இத்தனையும் கற்றுக்கொண்ட உங்களுக்கு, பழகிய கைப்பேசியே இப்போது சிரமம் தருகிறதா? “வயசாயிடுச்சு” என்று அதைப் பேரப்பிள்ளையிடம் கொடுத்துவிடாதீர்கள். முதலில் காரணத்தைப் பாருங்கள். சில காரணங்கள் கைப்பேசியில் இருக்கும். சில உங்கள் உடலில் இருக்கும்.

விரல் பட்டும் திரை அசையவில்லை

தொடுதிரை உங்கள் அழுத்தத்தை உணர்வதில்லை. விரல் பட்டதும் ஏற்படும் மிகச் சிறிய மின் மாற்றத்தைத்தான் உணர்கிறது. அதற்குத் தோலில் கொஞ்சம் ஈரம் வேண்டும். வயது ஏற ஏறத் தோல் வறண்டுபோகும். பல வருடம் பால்மரம் சீவியும் செம்பனைக் குலை தூக்கியும் காய்த்துப்போன விரலைத் திரை சரியாக அறியாது. ஓங்கி அழுத்தினாலும் பயன் இல்லை. கையைக் கழுவித் துடைத்து, சிறிது கிரீம் பூசி, அது தோலில் ஊறிய பிறகு விரலின் தட்டையான பகுதியால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள்.

விரல் நுனி மரத்துப்போயிருந்தாலோ ஊசி குத்துவதுபோல் இருந்தாலோ கிரீம் போதாது. அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். நீரிழிவு நரம்பைப் பாதித்திருக்கலாம்.

எழுத்து தெரியவில்லை

நாற்பது வயதுக்கு மேல் கிட்டத்தில் உள்ளது மங்கலாகத் தெரிவது இயல்பு. கைப்பேசியின் ‘செட்டிங்ஸ்’ பகுதியில் எழுத்தைப் பெரிதாக்கலாம், வெளிச்சத்தைக் கூட்டலாம். வாசிப்புக் கண்ணாடியும் உதவும்.

ஆனால் எழுத்தைப் பெரிதாக்கிய பிறகும் கலங்கலாகத் தெரிந்தால், கோடுகள் வளைந்து தெரிந்தால், திரையின் நடுவில் கறுப்பாக ஏதோ மறைத்தால், குறை கைப்பேசியில் இல்லை. 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. அது விழித்திரையைக் கெடுக்கும்போது வலிக்காது. கண்ணாடிக் கடையில் புதுக் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டு நாளைக் கடத்த வேண்டாம். நீரிழிவு உள்ளவர்கள் கிளினிக்கில் விழித்திரைப் பரிசோதனை கேளுங்கள்.

செய்யும் முறை மறந்துபோகிறது

கைப்பேசி தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும்போது பொத்தான்கள் இடம் மாறிவிடும். அப்போது இளையவர்களும் தடுமாறுவார்கள். வயதானவர்களுக்குப் புதியதைக் கற்க நேரம் கூடுதலாக வேண்டும். திரும்பத் திரும்பச் செய்தால் மனத்தில் பதியும். செய்யும் முறையை உங்கள் கையாலேயே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். பேரப்பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: கைப்பேசியை வாங்கி இரண்டு நொடியில் செய்து கொடுப்பதால் தாத்தா எதையும் கற்றுக்கொள்ள மாட்டார். அவர் விரலாலேயே செய்யவிட்டுப் பக்கத்தில் இருங்கள்.

கீழே சொல்வதைக் குடும்பத்தாரும் கவனிக்க வேண்டும். வருடக்கணக்காக வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பிய பாட்டிக்கு, சில மாதங்களாக அது எப்படி என்றே தெரியவில்லை. தொலைக்காட்சி ரிமோட்டும் ரைஸ் குக்கரும்கூடக் குழப்புகின்றன. ஒரே பில்லை இரண்டு முறை கட்டுகிறார். பழகிய வேலையே கைவிட்டுப் போவது மறதி நோயின் தொடக்கமாக இருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு, சாப்பிடும் மருந்து ஆகியவையும் இப்படிச் செய்யும். இவற்றைச் சரிசெய்ய முடியும். வெட்கப்பட்டு மறைத்தால் அந்த வாய்ப்பு தள்ளிப்போகும்.

காலையில் கைப்பேசியை நன்றாகப் பயன்படுத்தியவருக்கு மதியம் திடீரென்று அது புரியவில்லை, வாய் கோணுகிறது, ஒரு கை தளர்கிறது, பேச்சு குழறுகிறது என்றால் அது பக்கவாதமாக இருக்கலாம். இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் உடனே 999ஐ அழையுங்கள்.

இன்னொன்று. தடுமாற்றம் இருக்கும் காலத்தில் ஏமாற்றுக்காரர்களின் அழைப்பில் சிக்குவது எளிது. வங்கி அனுப்பும் இரகசிய எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் தயங்காமல் 997ஐ அழையுங்கள்.

அடுத்த முறை கிளினிக்குக்கு வரும்போது மருந்துப் பையோடு கைப்பேசியையும், வீட்டில் அணியும் கண்ணாடியையும் கொண்டு வாருங்கள். எதைச் செய்யும்போது சிரமமாக இருக்கிறதோ, அதை மருத்துவர் முன்னால் செய்து காட்டுங்கள்.