திரை வாங்குமுன் கூடத்தை அளப்போம்

புணே நகரின் வடமேற்கில், முளா ஆற்றை ஒட்டி அமைந்துள்ள ஔந்த் பகுதியில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் மிகுதி. ஹிஞ்சவடியின் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் பணிபுரியும் தமிழ்க் குடும்பங்கள் பல இங்கும் அண்டைப் பகுதியான பாணேரிலும் வாழ்கின்றன. குடிபாட்வா, தசரா, தீபாவளி நெருங்கும்போது மின்னணுக் கடைகளின் விளம்பரங்கள் ஏறக்குறைய எல்லா இல்லங்களையும் எட்டிவிடுகின்றன. ஒரு மாத ஊதியத்தில் பெரும்பங்கை விழுங்கி, ஏழெட்டு ஆண்டுகள் கூடத்தில் நிலைத்திருக்கப் போகும் பொருள் தட்டைத்திரைத் தொலைக்காட்சி. அதைப் பற்றிய முடிவைக் கடையில் எடுப்பதைவிட, அளவுநாடாவுடன் வீட்டில் எடுப்பதே சிறந்தது என்று நாம் கருதுகிறோம்.

எவ்வளவு பெரிய திரை?

திரையின் அளவாகச் சொல்லப்படுவது அதன் மூலைவிட்ட நீளம். 43 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 95 செ.மீ.; 55 அங்குலத் திரைக்கு 122 செ.மீ.; 65 அங்குலத் திரைக்கு 144 செ.மீ. முதலில் இருக்கையில் அமர்பவரின் கண்ணுக்கும் திரை அமையவிருக்கும் இடத்துக்கும் உள்ள தொலைவை அங்குலத்தில் அளந்துகொள்ளுங்கள். அதை இரண்டால் வகுத்தால் செய்திகளுக்கும் தொடர்களுக்கும் போதுமான அளவு கிடைக்கும். 1.6 ஆல் வகுத்தால் திரைப்படங்களைத் திரையரங்கின் நிறைவோடு காண்பதற்கான அளவு கிடைக்கும்.

பத்தடி அகலமுள்ள கூடத்தை எடுத்துக்கொள்வோம். சோபாவின் முதுகுப்புறத்தையும் தொலைக்காட்சியின் தடிமனையும் கழித்தால், கண்ணுக்கும் திரைக்கும் இடையே எட்டடி, அதாவது 96 அங்குலம் எஞ்சும். மேற்சொன்ன கணக்கின்படி 48 முதல் 60 அங்குலம் வரை பொருந்தும். ஆகவே 50 அல்லது 55 அங்குலத் திரையே இத்தகைய கூடத்துக்கு ஏற்றது. 65 அங்குலத்துக்குக் கூடுதல் விலை கொடுப்பது இங்குத் தேவையற்றது.

தெளிவும் திரையின் வகையும்

முழு எச்டி திரையில் 1920 × 1080 படப்புள்ளிகளும், 4கே திரையில் 3840 × 2160 படப்புள்ளிகளும் உள்ளன. நல்ல பார்வையுடைய கண் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு வரையே பிரித்தறியும். 55 அங்குல முழு எச்டி திரையை எட்டடி தொலைவிலிருந்து பார்த்தால், அதன் புள்ளிகள் அந்த எல்லைக்குள் அடங்கிவிடுகின்றன. இன்று 43 அங்குலத்துக்கு மேற்பட்ட திரைகளில் பெரும்பாலானவை 4கே ஆகவே வருவதால் அதை ஏற்கலாம். ஆனால் 8கே என்ற பெயருக்காகக் கூடுதல் தொகை செலுத்துவதில் இத்தொலைவில் பயன் இல்லை.

எல்இடி, க்யூஎல்இடி ஆகிய இரண்டும் பின்னொளியைக் கொண்டு இயங்கும் திரவப்படிகத் திரைகளே. பின்னதில் வண்ணங்களைச் செறிவாக்கும் நுண்துகள் படலம் சேர்கிறது. ஓஎல்இடி திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால் கருமை முழுமையாகத் தெரியும். எனினும் நாள் முழுவதும் செய்தி அலைவரிசை ஓடும் இல்லங்களில், அசையாத முத்திரையும் எழுத்துப் பட்டையும் அத்திரையில் நிலையான தடத்தைப் பதிக்கக்கூடும். மேற்கு நோக்கிய பால்கனியிலிருந்து மாலை வெயில் நுழையும் கூடங்களுக்குப் பிரகாசமான பின்னொளித் திரையே உகந்தது.

கடைகளில் திரைகள் பெரும்பாலும் மிகை ஒளியும் மிகை வண்ணமும் கொண்ட காட்சிமுறையில் வைக்கப்படுகின்றன. அதை இயல்பான முறைக்கு மாற்றச் சொல்லி, மனித முகங்கள் நிறைந்த காட்சியொன்றைப் பாருங்கள். தமிழ்ச் செய்தியொன்றை ஓடவிட்டு, சொற்கள் தெளிவாகக் கேட்கின்றனவா என்றும் கவனியுங்கள். மெலிந்த தொலைக்காட்சிகளின் ஒலிபெருக்கிகள் பெரும்பாலும் கீழ்நோக்கியே அமைந்திருக்கும். ஊரிலிருந்து வந்து சில மாதங்கள் தங்கும் முதிய பெற்றோருக்குப் படத்தின் நுணுக்கத்தைவிட உரையாடலின் தெளிவும், எளிய பொத்தான்களுள்ள ரிமோட்டும் பெரிது.

சுவரும் மழையும்

அமர்பவரின் கண்மட்டம் தரையிலிருந்து சுமார் மூன்றரை அடி. திரையின் நடுப்பகுதி அம்மட்டத்தில் அமைய வேண்டுமெனில், 55 அங்குலத் திரையின் அடிவிளிம்பு தரையிலிருந்து ஏறத்தாழ இரண்டேகால் அடியில் இருக்க வேண்டும். புதிய கட்டடங்களின் உட்சுவர்கள் பல எடை குறைந்த காற்றடைப்புக் கற்களால் எழுப்பப்படுகின்றன. அவற்றுக்கென உள்ள ஆணிப்பிடிகளைப் பயன்படுத்துமாறு பொருத்துபவரிடம் வலியுறுத்துங்கள். புணேயின் மழைக்காலத்தில் ஈரம் கசியும் வெளிச்சுவரில் திரையை மாட்டுவதைத் தவிர்ப்பது நலம்.

விலையும் தவணையும்

32 அங்குலத்துக்கு மேற்பட்ட தொலைக்காட்சிகளுக்கான சரக்கு மற்றும் சேவை வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. வரிக்கு முந்தைய விலை 40,000 ரூபாய் எனில், வாங்குபவருக்கு 4,000 ரூபாய் மிச்சம். இந்த மிச்சத்தைத் தவணைத் திட்டத்தில் இழந்துவிடாதிருப்பது முக்கியம்.

‘வட்டியில்லாத் தவணை’ என்ற அறிவிப்பைக் காணும்போது, ரொக்கமாகச் செலுத்தினால் எவ்வளவு தள்ளுபடி என்று முதலில் கேளுங்கள். ரொக்க விலை 56,000 ரூபாய் என்றும், தவணையில் மாதம் 5,000 வீதம் 12 மாதங்களுக்கு 60,000 ரூபாய் என்றும் கொள்வோம். கூடுதலாகச் செல்லும் 4,000 ரூபாய் 7 விழுக்காடு போலத் தோன்றும். ஆனால் கடன் மாதந்தோறும் குறைந்துகொண்டே வருகிறது; ஆண்டின் சராசரி நிலுவை ஏறத்தாழ 30,000 ரூபாய்தான். எனவே உண்மையான வட்டி ஆண்டுக்குச் சுமார் 13 விழுக்காடு. செயலாக்கக் கட்டணமும் அதன் மீதான வரியும் இருப்பின் இது மேலும் உயரும். கடன் அட்டைத் தவணைகளில் வட்டியே இல்லை என்ற கருத்து பொருந்தாது என்றும், வட்டி பெரும்பாலும் செயலாக்கக் கட்டணமாக மறைக்கப்படுகிறது என்றும் இந்திய ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியுள்ளது.

பண்டிகைக்குப் பத்து மாதங்கள் முன்பே மாதம் 5,600 ரூபாய் வீதம் தொடர் வைப்புக் கணக்கில் சேமித்தால், அசல் மட்டுமே 56,000 ரூபாய் ஆகிவிடும். வட்டி நம் பக்கம் வரும். பழைய பெட்டி பழுதாகி உடனே வாங்க நேர்ந்தால், தவணையில் செலுத்தும் மொத்தத் தொகையை ரொக்க விலையோடு ஒப்பிட்ட பின்னரே கையொப்பமிடுங்கள்.

வாங்கிய பின்

நட்சத்திரக் குறியீட்டில் ஆண்டு மின்நுகர்வு குறிக்கப்பட்டிருக்கும். நாள்தோறும் ஐந்து மணி நேரம் இயங்கும் 120 வாட் தொலைக்காட்சி ஆண்டுக்கு 219 யூனிட்டும், 80 வாட் தொலைக்காட்சி 146 யூனிட்டும் செலவிடும். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் எனில், ஆண்டுக்கு 730 ரூபாய் வேறுபாடு. வேண்டிய அலைவரிசைகளைத் தனித்தனியே தேர்ந்தெடுக்கும் உரிமை 2019 முதல் நடைமுறையில் உள்ளது. ஆகவே தமிழ் அலைவரிசைகளுக்காக மட்டும் பெரிய தொகுப்பை வாங்க வேண்டியதில்லை.

வரிசை எண்ணுடன் கூடிய விலைச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். குறை தீராவிடில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். பழைய பெட்டியைக் கண்ட இடத்தில் உடைக்க விடாமல், மின்னணுக் கழிவுகளைப் பெற அங்கீகரிக்கப்பட்டவர்களிடம் ஒப்படையுங்கள். பழைய குழாய்த் திரைகளின் கண்ணாடியில் ஈயம் கலந்துள்ளது.

இருக்கைத் தொலைவு, ரொக்க விலை, தவணையின் மொத்தத் தொகை ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். அந்தத் தாளுக்கு உட்பட்ட திரையே உங்கள் இல்லத்துக்கு உரிய திரை.