முதுகில் ‘சடக்’ சத்தம் கேட்டால் இடுப்பு வலி போய்விடுமா?

செஞ்சி:-

செஞ்சி பகுதியில் நடவு, களையெடுப்பு என்று நாள் முழுக்க குனிந்தே வேலை பார்க்கும் பெண்கள், ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல், மணிலா மூட்டை தூக்கும் தொழிலாளர்கள், ஆட்டோ ஓட்டுபவர்கள் என பலரையும் பாடாய்படுத்துவது இடுப்பு வலி. ஒருநாள் படுத்தாலும் அன்றைய கூலி போச்சு.

“இரட்டைப்பிள்ளை பெத்தவங்க கையால வழிச்சா சுளுக்கு போயிடும்” என்பது ஊர்ப்பக்கம் உள்ள நம்பிக்கை. இப்போது செல்போன் வீடியோ பார்த்துவிட்டு ‘கைரோபிராக்டிக்’ சிகிச்சை பற்றி விசாரிப்பவர்களும் உண்டு. ஆளை பக்கவாட்டில் படுக்க வைத்து ஒரே அழுத்து. ‘சடக்’ என்று சத்தம். அடுத்த நிமிடம் அவர் சிரித்தபடி எழுந்து நடக்கிறார். இதில் எவ்வளவு உண்மை?

அமெரிக்காவில் பிறந்த சிகிச்சை

1895-ம் ஆண்டு அமெரிக்காவின் அயோவா மாநிலம் டேவன்போர்ட் நகரில் டேனியல் டேவிட் பால்மர் என்பவர் தொடங்கியது இந்த சிகிச்சை. முதுகெலும்பு இடம் மாறுவதே பெரும்பாலான நோய்களுக்கு காரணம் என்றார் அவர். இன்றைய மருத்துவம் அதை ஏற்கவில்லை. ஆனால் முதுகெலும்பு மூட்டுகளை கையால் அழுத்தி அசைக்கும் முறை மட்டும் இடுப்பு வலிக்கு நிலைத்துவிட்டது. பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டுகளும் இதை செய்கிறார்கள்.

சத்தம் எங்கிருந்து?

“விலகின எலும்பு உட்கார்ந்திடுச்சு” என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. மூட்டுக்குள் எண்ணெய் போல ஒரு திரவம் இருக்கிறது. மூட்டு சட்டென்று விரியும்போது திரவத்தில் வாயுக்குமிழி உண்டாகிறது. அந்த சத்தம்தான் இது. விரலில் சொடக்கு எடுப்பதும் இதே கதைதான். சத்தம் வந்தால் குணம், வராவிட்டால் குணம் இல்லை என்பதெல்லாம் கிடையாது.

பலன் எவ்வளவு?

பலனே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. புதிதாக வந்த இடுப்பு வலி பற்றி 2017-ல் அமெரிக்க மருத்துவ சங்க இதழில் ஒரு ஆய்வு தொகுப்பு வெளியானது. வலியை 0 முதல் 100 வரை அளந்தால், இந்த சிகிச்சையால் 6 வாரத்துக்குள் சராசரியாக 10 அளவு கூடுதலாக குறைந்தது. நல்ல பலன்தான், ஆனால் அதிசயம் இல்லை.

3 மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. உடற்பயிற்சி, மசாஜ் ஆகியவற்றோடு இந்த முறையும் அதில் உள்ளது. பலர் வாங்கி மாட்டிக்கொள்ளும் இடுப்பு பெல்ட்டுக்கும், எடை கட்டி இழுக்கும் சிகிச்சைக்கும் அதில் பரிந்துரை இல்லை.

யார் தொடவே கூடாது?

100 பேரில் சுமார் 90 பேருக்கு வரும் இடுப்பு வலிக்கு குறிப்பிட்ட நோய் எதுவும் காரணமாக இருப்பதில்லை. மீதி 10 பேர் விஷயத்தில்தான் ஆபத்து. முதுகெலும்பு காசநோய், புற்றுநோய், எலும்பு தேய்ந்து பலவீனம் ஆனவர்கள், விழுந்து அடிபட்டவர்கள் முதுகை அழுத்த விடக்கூடாது. எலும்பு நொறுங்கும் அபாயம் உண்டு.

சிறுநீர், மலம் கட்டுப்பாடு இல்லாமல் போவது அல்லது சிறுநீர் அடைத்துக்கொள்வது, தொடை இடுக்கு மரத்துப்போவது, கால்கள் பலம் இழப்பது ஆகியவை அவசர அறிகுறிகள். மணிக்கணக்கில் தாமதித்தாலும் நிரந்தர பாதிப்பு வரலாம். உடனே செஞ்சி அரசு மருத்துவமனைக்கோ, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக்கல்லூரி மருத்துவமனைக்கோ போக வேண்டும். காய்ச்சல், உடல் மெலிவு, இரவில் தூங்கவிடாத வலி இருந்தாலும் முதலில் டாக்டரைத்தான் பார்க்க வேண்டும்.

கழுத்தை திருகி சத்தம் எடுப்பதில் கூடுதல் கவனம் தேவை. மூளைக்கு போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகி உள்ளன.

என்ன செய்யலாம்?

சாதாரண இடுப்பு பிடிப்பு பெரும்பாலும் சில வாரங்களில் தானே குறையும். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம். நாள் கணக்கில் படுத்தே கிடக்காமல் முடிந்த அளவு நடப்பது நல்லது. மூட்டை தூக்கும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கி, மூட்டையை உடம்போடு ஒட்டி தூக்கினால் முதுகுக்கு பாரம் குறையும்.

அப்படியும் முதுகை அழுத்தி பார்க்கலாம் என்று நினைத்தால், முதலில் டாக்டர் பரிசோதனை, பிறகு முறைப்படி படித்தவர் கை. வீடியோவை பார்த்து வீட்டு ஆட்களை முதுகில் ஏறி மிதிக்க சொல்வது மட்டும் வேண்டவே வேண்டாம்.